கண்மாய்க்குக் கீழே வாங்கிய மனை: எந்த ஷியர் சோதனைக்குக் காசு கொடுப்பது?

மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில், ஒத்தக்கடையைத் தாண்டி, ஒரு கண்மாய்க் கரைக்குக் கீழே அக்கா வீட்டில் 5 சென்ட் மனை வாங்கினார்கள். வாசலில் நின்றால் யானைமலை தெரியும். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைந்த நஞ்சை அது. மேலே ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குக் கிராவல் அடித்து, கல் ஊன்றி, ரோடு போட்டு விற்றிருந்தார்கள். மாடியோடு வீடு கட்ட வேண்டும் என்று ஆசை. மச்சான் ஒரு நாள் காலையில் கையில் தாளோடு வந்தார். பக்கத்து மனைக்காரர் எடுத்த மண் சோதனை அறிக்கை.

“சதுர மீட்டருக்கு 15 டன் தாங்கும்னு போட்டிருக்கு மாப்ள. பக்கத்து மண்ணுதானே, இதை வச்சே பில்லர் குழி எடுத்துரலாமா?”

அந்த 15 டன் எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று அறிக்கையைப் புரட்டித் தேடினேன். ஒன்றரை மீட்டர் ஆழத்துக் களிமண்ணைச் சித்திரை மாதத்தில் எடுத்து, டைரக்ட் ஷியர் பெட்டியில் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒட்டுத்திறன் சதுர செ.மீ.க்கு 0.25 கிலோ, உராய்வுக் கோணம் 20 பாகை என்று எழுதியிருந்தது. ‘இதை நம்பி வானம் வெட்ட வேண்டாம் மச்சான்’ என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவருக்கு அன்று மாலை வரை விளக்க வேண்டியிருந்தது. மண் சோதனைக்குப் பணம் கட்டப்போகிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அஸ்திவாரத்துக்கும் ஷியருக்கும் என்ன சம்பந்தம்? நடவு வயலில் கால் வைத்தால் பாதத்துக்குக் கீழே இருக்கும் சேறு நசுங்கிப் போவதில்லை. பக்கவாட்டில் வழுக்கி, பாதத்தின் ஓரத்தில் மேலே பிதுங்கி வரும். பில்லர் அடியில் மண் தோற்பதும் அப்படித்தான். மண்ணின் ஒரு பகுதி இன்னொரு பகுதியின் மேல் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலை எதிர்த்து நிற்கும் சக்திதான் ஷியர் வலிமை. அதில் இரண்டு பங்கு உண்டு: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது ஒன்று, அதன் அளவுதான் ஒட்டுத்திறன்; மேலிருந்து அழுத்துவதால் கூடும் உராய்வு இன்னொன்று, அதன் அளவுதான் உராய்வுக் கோணம். 1776-ல் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் எழுதிய இந்தக் கணக்கைத்தான் இன்றைக்கும் போடுகிறோம். தாங்குதிறன் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் வரும் டன் கணக்கு, இந்த இரண்டு எண்களையும் சூத்திரத்தில் போட்டுப் பெருக்கியது. இரண்டும் தவறினால் டன்னும் தவறும்.

சரி, சோதனைகளுக்கு வருவோம்.

டைரக்ட் ஷியர் பெட்டியைத் தெரியாத மண் ஆய்வகம் கிடையாது. 60 மி.மீ. சதுரம், உள்ளே 25 மி.மீ. கனத்தில் மண். பெட்டி குறுக்கே இரண்டாகப் பிரிந்திருக்கும். மேலே எடை ஏற்றி, ஒரு பாதியை நகர்த்தினால் நடுவில் மண் அறுபடும். மூன்று வெவ்வேறு எடைகளில் மூன்று மாதிரிகளை அறுத்து, புள்ளிகளைக் கோட்டில் சேர்த்தால் ஒட்டுத்திறனும் கோணமும் கிடைத்துவிடும். ஒரு நாளில் முடியும், செலவும் குறைவு. வைகைக் கரையோரம், சோழவந்தான் பக்கம் மணல் பாங்கான நிலத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். மணலில் தண்ணீர் வந்த வேகத்தில் வெளியேறிவிடும். அதனால் வேகமாக அறுத்தாலும் மெதுவாக அறுத்தாலும் விடை பெரிதாக மாறாது. மணலைக் கலைக்காமல் குழாயில் எடுத்து வர முடியாது என்பது மட்டும் ஒரு சங்கடம். நிலத்தில் இருந்த அதே நெருக்கத்தில் பெட்டிக்குள் திணித்துத்தான் அறுக்க வேண்டும். தளர்வாகக் கொட்டி அறுத்தால் கோணம் குறையும், இடித்து இடித்து நிரப்பினால் கூடும்.

களிமண்ணை அதே பெட்டியில் வைக்கும்போதுதான் விபரீதம். களியில் தண்ணீர் நத்தை வேகத்தில் நகரும். மேலே எடை வைத்ததும் அந்தச் சுமையை முதலில் வாங்கிக்கொள்வது துகள்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீர்தான். தண்ணீருக்கு உராய்வு கிடையாது. அது மெல்ல வெளியேறிய பிறகே துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும், கோணம் என்று ஒன்று பிறக்கும். முறையாக அதை அளக்க வேண்டுமென்றால் ஒரு மாதிரியை அறுக்கவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், அவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் தள்ளினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குள் தண்ணீர் கொஞ்சம் வெளியேறியிருக்கும், கொஞ்சம் உள்ளேயே இருக்கும். எவ்வளவு என்று சொல்ல வழியில்லை, பெட்டியில் அதை அளக்கும் கருவி இல்லை. இரண்டும் கெட்டான் நிலையில் ஒரு கோணம் வரும். அதைப் பொறியாளர் சூத்திரத்தில் போடுவார்.

அதனால் எவ்வளவு மாறும் என்று மச்சானுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். தாங்குதிறனுக்கான இந்தியத் தர விதி 6403-ன் அட்டவணையில், கோணம் 0 என்றால் ஒட்டுத்திறனைப் பெருக்கும் காரணி 5.14. கோணம் 20 என்றால் 14.83. ஏறக்குறைய மூன்று மடங்கு. மண் மாறவில்லை, எடுத்துக்கொண்ட கோணம் மட்டும்தான் மாறியது.

போதாததற்கு மாதிரி எடுத்தது சித்திரையில். காய்ந்த களி கல் மாதிரி இருக்கும். துகள்களுக்கு இடையில் மிச்சமிருக்கும் ஈரம் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் கடினம் அது. ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி, கரைக்குக் கீழே ஊற்று எடுத்ததும் அந்தப் பிடி விட்டுப் போகும். 1846-லேயே பிரான்சில் கால்வாய்க் கரைகள் சரிவதை ஆராய்ந்த அலெக்சாந்தர் கோலின், களிமண்ணை அறுத்துப் பார்த்து, ஈரம் ஏற ஏற வலிமை குறைவதைக் கண்டார். கண்மாய்க்குக் கீழே மனை வாங்கியவர்கள் மறக்கவே கூடாத விஷயம் இது. வீடு நிற்கப் போவது வருடம் முழுக்க. அந்த வருடத்தின் மோசமான நாளில் மண் என்ன நிலையில் இருக்குமோ, அந்த நிலையில் அறுத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் எஸ்.பி.டி., அதாவது ஸ்டாண்டர்டு பெனட்ரேஷன் டெஸ்ட். 63.5 கிலோ சம்மட்டியை 75 செ.மீ. உயரத்திலிருந்து போட்டு, 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுவது. இது ஷியரை நேரடியாக அளக்கும் சோதனையே இல்லை. அடி எண்ணிக்கையிலிருந்து வலிமையை ஊகிப்பது. மணலுக்கும் சரளைக்கும் நல்ல துணை, பாறை எங்கே தொடங்குகிறது என்பதையும் காட்டிவிடும். இளகிய களியில் இரண்டு அடி, மூன்று அடி என்றுதான் வரும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு வீட்டின் தலையெழுத்தே இருக்கலாம். அதை இவ்வளவு முரட்டுத்தனமான அளவுகோலால் அளக்க முடியாது.

களிக்கு மலிவான வழி அன்கன்ஃபைன்டு கம்ப்ரெஷன். ஒரு களிமண் உருளையை எந்தப் பக்கத் தாங்கலும் இல்லாமல் நிற்க வைத்து மேலிருந்து அழுத்துவது. சாய்வாக ஒரு கோட்டில் சறுக்கி உடையும், அல்லது பீப்பாய் மாதிரி வயிறு தள்ளும். தாங்கிய அழுத்தத்தில் பாதியை ஷியர் வலிமையாக எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை. ஆனால் மாதிரி பழுதில்லாமல் இருக்க வேண்டும், முழுக்க ஈரம் ஊறியிருக்க வேண்டும், உள்ளே விரிசலோ மணல் படிவமோ இருக்கக் கூடாது. நான் மண் சோதனை வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதிரிக் குழாயை மெழுகு வைத்து அடைக்காமல், டூவீலரில் படுக்க வைத்துக் கட்டி எடுத்து வந்திருக்கிறேன். வரும் வழியெல்லாம் குலுங்கிய களி, நிலத்தில் இருந்த களி இல்லை. அன்று நான் எழுதிக் கொடுத்த எண் உண்மையை விடக் குறைவு. நல்லவேளை, தவறு பாதுகாப்பான பக்கம் விழுந்தது. காய்ந்த மாதிரியை அழுத்தியிருந்தால் தவறு மறுபக்கம் விழுந்திருக்கும்.

டிரையாக்சியல் பற்றித்தான் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள். 38 மி.மீ. விட்டம், 76 மி.மீ. உயரமுள்ள உருளைக்கு ரப்பர் உறை போட்டு, தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவைக்குள் நிறுத்தி, சுற்றிலும் அழுத்தம் கொடுத்துவிட்டு மேலிருந்து அமுக்குவது. நிலத்துக்குள் மண் இருக்கும் நிலைக்கு மற்றதை விட இது கிட்டத்தில் வருகிறது. பெட்டியில் நாம் சொல்லும் இடத்தில்தான் மண் அறுபட வேண்டும். இங்கே மண் தனக்குப் பலவீனமான இடத்தைத் தானே தேடி உடையும்.

இதில் இரண்டு வகை நமக்குச் சம்பந்தப்பட்டது. தண்ணீரை வெளியே விடாமல் உடனே அறுக்கும் யு.யு. வகை ஒரே நாளில் முடியும். முதலில் நாள்கணக்கில் அமுக்கித் தண்ணீரை வெளியேற்றி, பிறகு உள்ளே எழும் நீரழுத்தத்தை அளந்தபடியே அறுக்கும் சி.யு. வகைக்கு நாளும் அதிகம், பணமும் அதிகம். கண்மாய்க் கரையைப் பலப்படுத்துகிறவர்களுக்கும் பெரிய பாலத்துக்கு ஏறும் மண் மேடு போடுகிறவர்களுக்கும் சி.யு. அவசியம். மதகைத் திறந்து தண்ணீர் சட்டென்று இறங்கும்போது கரை சரியுமா என்ற கேள்விக்கு வேறு எதுவும் பதில் சொல்லாது. 5 சென்ட் மனையில் மாடி வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் இன்னொரு இடத்தில் துளை போடலாம்.

யு.யு.வில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஈரம் முழுதாக ஊறிய களியை 100, 200, 300 கிலோபாஸ்கல் (10 கிலோபாஸ்கல் ஏறக்குறைய சதுர மீட்டருக்கு ஒரு டன்) என்று மூன்று அழுத்தங்களில் அறுத்தால், மூன்றிலும் வலிமை ஏறக்குறைய ஒன்றாகவே வர வேண்டும். சுற்றி எவ்வளவு அமுக்கினாலும் அதைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால் கோணம் பூஜ்யமாகிவிடும். அழுத்தத்தோடு சேர்ந்து வலிமையும் ஏறிக்கொண்டே போனால், மாதிரி முழுதாக ஊறவில்லை என்று சோதனையே சொல்லிவிடுகிறது.

கடைசியாக வேன் ஷியர். அக்கா மனைக்கு நான் முதலில் கேட்டது இதைத்தான். நான்கு இறக்கைகள் கூட்டல் குறி போல நிற்கும் ஒரு சின்னச் சக்கரம், உயரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. அதைத் துளையின் அடியில் இன்னும் கலங்காத களிக்குள் அழுத்தி, விநாடிக்கு 0.1 பாகை என்ற வேகத்தில் மெல்லத் திருகுவார்கள். இறக்கைகளைச் சுற்றி ஒரு களிமண் உருளை அறுபட்டுச் சுழலும். அறுபடும் நொடியில் இருந்த முறுக்கு விசைதான் கணக்கு. 50 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. உயரமும் உள்ள வேன் என்றால், 18 கிலோபாஸ்கல் களியில் வெறும் எட்டேகால் நியூட்டன் மீட்டரில் அறுத்துவிடும். அதன் பிறகு பல சுற்று வேகமாகத் திருப்பிக் களியைக் குழப்பிவிட்டு மறுபடி அளந்தால், கலைந்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் தெரியும்.

மண்ணை வெளியே எடுக்கவே இல்லை என்பது இதன் பெரிய பலம். குழாய் இல்லை, மெழுகு இல்லை, டூவீலர் இல்லை. அரை மீட்டருக்கு ஒன்று என்று ஆழத்தோடு வலிமை எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். பலவீனமும் உண்டு. கிராவலிலும் மணலிலும் வேலைக்கு ஆகாது. ஒரு கல்லோ வேரோ இறக்கையில் மாட்டினால் எண் பொய்யாகக் கூடும். இன்னொன்று, வேன் காட்டும் வலிமை உண்மையில் கிடைப்பதை விடச் சற்று அதிகம். 1972-ல் நார்வே மண் பொறியாளர் பியெரும் (Bjerrum), சரிந்து விழுந்த மண் மேடுகளை வேன் அளவுகளோடு ஒப்பிட்டு இதற்கு ஒரு திருத்தம் கொடுத்தார். பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (எவ்வளவு ஈர வரம்புக்குள் களி பிசைய வருகிறது என்பதைக் காட்டும் எண்) 20 இருந்தால் திருத்தம் ஏறக்குறைய இல்லை. 60-ஐ நெருங்கினால் முக்கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வேன் எண்ணை அப்படியே அறிக்கையில் போடுகிறார்களா, திருத்திப் போடுகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசலில் கட்டுகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கே வீடு விரிவது பெரும்பாலும் ஷியரால் இல்லை. மழையில் வீங்கி வெயிலில் சுருங்குவதால். மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதைக் காட்டாது. ஃப்ரீ ஸ்வெல் சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அக்கா மனைக்குத் திரும்புகிறேன். கார்த்திகைக் கடைசியில், கண்மாய் நிரம்பியிருந்தபோது சோதனை வைத்தோம். மச்சானுக்கு அது புரியவில்லை. “சகதியில ரிக் இறங்குமா மாப்ள, தை பிறக்கட்டுமே” என்றார். சகதிதான் வேண்டும் என்றேன். மனையின் இரண்டு மூலைகளில் துளை. கிராவலுக்கு டைரக்ட் ஷியர் ஒரு செட். களி முழுவதும் வேன். இரண்டரை மீட்டர் ஆழத்திலிருந்து இரண்டு குழாய்களில் மாதிரி: ஒன்று யு.யு.வுக்கு, ஒன்று அன்கன்ஃபைன்டுக்கு. சி.யு. வேண்டாம். பாறை எங்கே என்று அறிய மட்டும் எஸ்.பி.டி.

நிலத்தடி நீர் 1.6 மீட்டரில் நின்றது. வேன் ஒன்றரை மீட்டரில் 31 கிலோபாஸ்கல் காட்டியது, 2 மீட்டரில் 22, இரண்டரையில் 18, மூன்றில் 19. மூன்று மீட்டர் நாற்பது செ.மீ.யில் சிதைந்த பாறை. பக்கத்து மனைக்காரர் மாதிரி எடுத்த ஒன்றரை மீட்டர் என்பது, வருடா வருடம் காய்ந்து காய்ந்து இறுகிய மேல்தோல். அதற்குக் கீழேதான் இளகிய வயல் களி இருந்தது. 1913 அக்டோபரில் கனடாவின் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனா தானியக் களஞ்சியம் ஒரே நாளில் ஏறக்குறைய 27 பாகை சாய்ந்து படுத்தது இதே காரணத்தால்தான். கட்டும் முன் மேல்மட்டத்தில் செய்த சோதனை திருப்தியாக இருந்தது. கீழே இருந்த இளகிய களி, கட்டடத்தில் தானியம் நிரம்பி வந்தபோது தன்னைக் காட்டியது.

யு.யு. மூன்று மாதிரிகளும் 16, 14, 17 என்று வந்தன. கோணம் இல்லை. மாதிரி முழுதாக ஊறியிருந்தது என்று மனம் நிறைந்தது. பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 35 என்பதால் வேனின் 18-ஐத் திருத்தினால் பதினைந்தரை. இரண்டும் கைகோத்துக்கொண்டன. அன்கன்ஃபைன்டு 11 என்றது. உருளையை உடைத்துப் பார்த்தபோது நடுவில் மெல்லிய மணல் கீற்று ஓடியிருந்தது, அந்த எண்ணை ஒதுக்கிவிட்டோம்.

இப்போது கணக்கு. பதினைந்தரை கிலோபாஸ்கல், காரணி 5.14, சதுர அஸ்திவாரத்துக்கு 1.3, பாதுகாப்புக்கு மூன்றால் வகுத்தால் சதுர மீட்டருக்கு மூன்றரை டன். பக்கத்து அறிக்கை சொன்னது 15. ஒரு பில்லரில் 30 டன் வருகிறது என்று வைத்தால், அந்த அறிக்கைப்படி 1.4 மீட்டர் சதுரம் போதும். இந்தக் கணக்கில் 2.9 மீட்டர் சதுரம் வேண்டும். பில்லருக்குப் பில்லர் மூன்றரை மீட்டர்தான். அஸ்திவாரங்கள் ஒன்றையொன்று தொடாத குறைதான், அதற்கு மேல் களி அமுங்குவதால் வரும் இறக்கம் வேறு. அதற்கு ராஃப்ட், அதாவது வீடு முழுமைக்கும் ஒரே பலகை போன்ற அஸ்திவாரம் போடலாம். இல்லையென்றால் களியை முழுதாகத் தாண்டிப் போய்ப் பாறையில் உட்கார வைக்கலாம். பாறை மூன்று மீட்டர் நாற்பதிலேயே கிடைப்பதால் நான் இரண்டாவதைச் சொன்னேன். அக்காவும் அதையே சொன்னாள். பக்கத்து மனைக்காரரிடமும் போய் எங்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் இன்னும் கம்பி வாங்கவில்லை.

அதே பதினைந்தரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒன்பது குழிகள், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர் நாற்பது. உள்ளே ஆள் இறங்க வேண்டும். களியில் நேர்ச்சுவராக எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதற்கு, ஷியர் வலிமையை நான்கால் பெருக்கி மண்ணின் எடையால் வகுக்கும் பழைய கணக்கு உண்டு. கன மீட்டருக்கு 17 கிலோநியூட்டன் என்று போட்டால் 3.6 மீட்டர். மேலே வெடிப்பு விழுந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்குதான், 2.4 மீட்டர். கரையில் கிராவல் குவித்தால் அதிலும் குறையும். நம் குழியின் மூன்று மீட்டர் நாற்பது என்பது, நேராக வெட்டினால் சுவர் ஆள் மேல் விழக்கூடிய ஆழம். மேஸ்திரி முப்பது வருட அனுபவத்தில் நேராக வெட்டிப் பழகியவர். அவரிடம் இந்த எண்ணைக் காட்டி, மேல் ஒன்றரை மீட்டரைச் சரிவாக எடுக்கவும், கீழே பலகை வைத்து முட்டுக் கொடுக்கவும், தோண்டிய மண்ணைக் குழியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போடவும் ஒப்புக்கொள்ள வைத்தோம். மழை ஓய்ந்து, கண்மாய் வற்றி, ஊற்று இறங்கிய பிறகு பங்குனியில் முதல் குழி எடுத்தார்கள்.